கேட் வரைக்கும்

"கவ்ரிலா ப்ரெப் யாரும்மா? அவருதான் கையெழுத்து போடணும்."

ஏணியை வேலியில் சாய்த்துவிட்டு, கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தபடி கேட்டார் இன்டர்நெட் கம்பெனி ஆள். ரொதிகா கோதுமைப் பாத்திரத்தை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"உள்ள இருக்காரு. முன் ரூம்ல."

இரண்டு நாளாகத் தூக்கமில்லை. வேறு மாதிரி சொல்லியிருக்கலாம் என்பது அவர் செருப்பைத் துடைத்துக்கொண்டு உள்ளே போன பிறகுதான் தோன்றியது. போன வேகத்தில் அவர் திரும்பி வந்தார். தொப்பி கையில் இருந்தது. ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பையில் திபோர் என்று பெயர் தைத்திருந்தது.

"மன்னிச்சிடுங்கம்மா. எனக்கு யாரும் சொல்லல."

"எப்படிச் சொல்லுவோம்? இங்கேருந்து போன் போனாத்தான?"

அடுப்படியிலிருந்து பக்கத்து வீட்டு அனுட்சா எட்டிப் பார்த்தாள். "எட்டு மாசமா எங்கய்யா இருந்தீங்க? ஆளு போனப்புறம் கரெக்டா வர்றீங்க, பாதிரியாரு மாதிரி."

திபோர் கையிலிருந்த தாள்களில் ஒன்றைப் பிரித்து ரொதிகாவிடம் காட்டினார். அப்பா கையால் வரைந்த வழி. ஓடை, மரப்பாலம், இடிந்த மாவு மில், அதற்கு மேலே ஒரு பெருக்கல் குறி. கம்பெனிக்கு அவர் எழுதிய பதினோரு கடிதங்களிலும் இந்த வரைபடம் இருந்தது. தெருவுக்குப் பெயர் கிடையாது, வர்றவன் எப்படி வருவான் என்பார். முப்பது வருடம் காட்டிலாகாவில் காவலராக இருந்தவருக்கு வழி சொல்லாமல் ஒரு கடிதத்தை முடிக்கத் தெரியாது.

"இதை வச்சுத்தான் வந்து சேந்தேன்" என்றார் திபோர். "நான் கிளம்பறேன். இன்னொரு நாள்னு குறிச்சுக்கறேன்."

"இன்னொரு நாள்னா?"

அவர் மலையைப் பார்த்தார். உச்சியில் இப்போதே வெள்ளை விழுந்திருந்தது. "பனி உருகட்டும். ஏப்ரல் ஆயிடும்."

மணி பத்து. பாதிரியார் ஒரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அயர்லாந்தில் தம்பி கொர்னெல் காலில் ரத்தக்கட்டோடு ஊன்றுகோல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விமானம் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா போய்விட்டார் என்று மட்டும் செவ்வாய்க்கிழமை சிக்னல் கிடைக்கும் குன்றின் மேல் நின்று அவனிடம் சொல்ல முடிந்தது. அவன் ஏதோ கேட்பதற்குள் லைன் அறுந்துவிட்டது.

"எவ்வளவு நேரமாகும்?"

"ஒன்றரை மணி நேரம். ஆனா..." திபோர் தயங்கினார். "எதிர்மலை டவர் அந்த முன் ரூம் சுவத்துலேருந்துதான் தெரியுது. அங்கதான் ஓட்டை போடணும்."

"போடுங்க."

அனுட்சாவுக்குப் பிடிக்கவில்லை. "சாவு வீடுன்னு கண்ணாடிய மூடி வச்சிருக்கோம், டிவிய மூடி வச்சிருக்கோம். இப்ப இன்னொரு கண்ணாடிய நீயே வீட்டுக்குள்ள கொண்டு வர்றியா?"

"கொர்னெல் பாக்கணும் அத்தை."

அனுட்சா அலமாரியிலிருந்து ஒரு பெரிய வெள்ளைத் துண்டை எடுத்து வந்தாள். சவப்பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, அப்பாவின் முகத்துக்கு மேலே துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டார்கள். டிரில் ஓடியது. சுவர் அதிர்ந்தது, அவர் மார்பின் மேல் வைத்திருந்த சிறிய சாமி படம் சரிந்தது, மெழுகுவர்த்தி அணைந்தது. சுண்ணாம்புத் தூள் துண்டில் கொட்டிக்கொண்டே இருந்தது. ரொதிகாவுக்குக் கை கடுத்தது. அவள் இறக்கவில்லை.

பதினொன்றே முக்காலுக்குச் சுவரில் மாட்டிய சின்னப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. திபோர் படிவத்தை நீட்டினார். "உங்க பேரையே போடுங்கம்மா. ஆபீஸ்ல நான் பேசிக்கறேன்."

போனில் கொர்னெலின் முகம் வந்தது. மூன்று வருடமாகத் திக்கித் திக்கிக் கேட்ட குரலுக்கு இப்போது முகம் இருந்தது. தாடியில் நரை. பின்னால் ஜன்னலில் மழை.

"அக்கா, அவர்கிட்ட கொண்டு போ."

கொண்டு போனாள். அவன் நெடுநேரம் பார்த்தான். கையைக் காட்டச் சொன்னான், காட்டினாள். "இளைச்சுட்டாரு" என்றான். பிறகு, "போறப்ப பக்கத்துல இருந்தியா?"

லைன் சரியில்லாத நாளாக இருந்தால் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம்.

"நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. ஆம்புலன்சக் கூப்பிடக் குன்றுக்கு ஓடினேன். மேல போனாத்தான கிடைக்கும். ஓடித்தான் போனேன், கொர்னெல். திரும்பி வர்றதுக்குள்ள..."

கொர்னெல் அசையவில்லை. படம் உறைந்துவிட்டது என்று நினைத்தாள். ஆனால் அவனுக்குப் பின்னால் கண்ணாடியில் மழைத்துளி வழிந்துகொண்டுதான் இருந்தது.

"தனியாவா போனாரு?" என்றான் கடைசியில்.

"ஆமா."

அவன் தலையை ஆட்டினான்.

ஒரு மணிக்குப் பெட்டியை முற்றத்துக்குக் கொண்டு வந்தார்கள். பாதிரியார் படித்தார், பெண்கள் அழுதார்கள். ரொதிகா போனை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள். கொர்னெலும் அங்கே எழுந்து, ஊன்றுகோலில் சாய்ந்து நின்றான். தூக்குவதற்கு ஓர் ஆள் குறைந்தது. ஊரில் ஆண்கள் அவ்வளவுதான். ஏணியை வண்டியில் கட்டிக்கொண்டிருந்த திபோர் அதைப் போட்டுவிட்டு வந்து பின்பக்கம் தோள் கொடுத்தார்.

கேட்டைத் தாண்டியதும் கொர்னெலின் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது.

"அக்கா, தெரியல. அக்கா..."

ஒரு அடி பின்னால் வந்தாள். தெரிந்தான். முன்னால் போனாள். போய்விட்டான். பெட்டி மில் திருப்பத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"இங்க வரைக்கும்தான் எடுக்குது கொர்னெல்."

"நீ போ."

"நீ?"

"நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தராவது அவர் கூடப் போகணும் அக்கா."

முன் ரூம் ஜன்னல் விளிம்பில் போனைச் சாய்த்து, தெரு தெரியும்படி வைத்துவிட்டு ஓடினாள். செவ்வாய்க்கிழமையும் இப்படித்தான் ஓடினாள். திருப்பத்தில் எட்டிப் பிடித்தபோது மூச்சு வாங்கியது. அனுட்சா அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது மூன்றரை ஆகியிருந்தது. ஆட்கள் அடுப்படிப் பக்கம் போனார்கள். சூப் கொதிக்கும் வாசனையும் தட்டுகளின் சத்தமும் வந்தன. ரொதிகா சேற்றுச் செருப்போடு நேராக முன் ரூமுக்குப் போனாள். போன் அப்படியே இருந்தது. அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. கொர்னெல் அங்கே உட்கார்ந்திருந்தான்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"ஒரு நாய் வந்துச்சு" என்றான். "பழுப்பு நாய். கேட் பக்கத்துல கொஞ்ச நேரம் படுத்திருந்துட்டுப் போயிடுச்சு. யாரோடது?"

"தெரியல."

பெட்டி இருந்த இடத்தில் வெறும் மேசை இருந்தது. அதன் கீழே சுண்ணாம்புத் தூளைப் பெருக்க யாருக்கும் நேரமில்லை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சாப்பிட்டியா?"

"இல்ல. நீ?"

"இனிமேதான்."

"நானும் ஏதாவது எடுத்துட்டு வரேன். போன வச்சிடாத."

ஊன்றுகோலைத் தேடி எடுத்து அவன் எழுந்து போனான். ஊன்றுகோல் தரையில் தட்டும் ஓசை தள்ளித் தள்ளிப் போய் நின்றது. அனுட்சா வந்து ஒரு கிண்ணம் சூப்பை ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போனாள். ரொதிகா கரண்டியை எடுக்காமல், போனில் தெரிந்த அவன் ஜன்னலையும் மழையையும் ஆளில்லாத நாற்காலியையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.