திருப்பி வைக்காத சக்கரம்

வடதுருவத்தை ஒட்டிய த்ரொம்சோ நகரின் மேட்டுத்தெருவில் இங்குன் ஒவ்வொரு காலையும் தன் பழைய டீசல் காரின் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டும்போது, எதிர்வீட்டு ஹெர்தீஸ் காபிக் கோப்பையோடு வாசலில் நிற்பாள். அவளுடைய புது மின்சாரக் கார், கைப்பேசியைத் தொட்டால் போதும், தானே சூடாகிப் பனியை உருக்கிவிடும்.

"ஐயோ இங்குன், விரல் மரத்துப்போயிடுமே!" என்பாள். பரிவோடுதான் சொல்வாள். இங்குனுக்கோ வயிறு எரியும்.

போதாததற்குக் கணவன் ஒட்வார் வேறு. "சத்தமே இல்லாம எப்படிப் போகுது பாத்தியா!"

"அந்தக் காரையே கட்டிக்கிட்டு அழு!"

அன்று சனிக்கிழமை. காலையில் பெய்த பனிமேல் தூறல் விழுந்து, தெரு கண்ணாடியாகிக் கிடந்தது. கடையிலிருந்து வந்த ஹெர்தீஸ், காரின் முகம் இறக்கத்தைப் பார்க்கும்படி வாசலெதிரே நிறுத்தினாள். சக்கரங்கள் நேராக இருந்தன. சமையலறை ஜன்னலில் நின்ற இங்குன் அதைப் பார்த்தாள்.

ஓடிவந்த டயரின் சூட்டில் அடிப்பனி உருகும், உடனே இறுகும். அப்புறம் பிரேக் சக்கரத்தைப் பிடித்திருந்தாலும் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். பேட்டரி கனம் கொண்ட கார் என்றால் நிறுத்தவே முடியாது. முன்சக்கரத்தை ஓரத்துப் பனிக்குவியல் பக்கம் ஒடித்து, மணல் தூவ வேண்டும். போன கோடையில் சமவெளியிலிருந்து குடிவந்தவளுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

இங்குனின் கை ஜன்னல் கொக்கிக்குப் போனது. ஹெர்தீஸ் பைகளை எடுத்துக்கொண்டு, காரை ஒருமுறை ஆசையாகத் தடவிவிட்டு உள்ளே போனாள்.

'எல்லாம் தெரிஞ்ச கார்தானே, அதுவே பாத்துக்கட்டும்.' கை கீழே இறங்கிவிட்டது.

சற்று நேரத்தில் கார் நகர்ந்தது. கீழே தபால்பெட்டியருகே ஒட்வார், பாட்டுக் கேட்க ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, முதுகைக் காட்டியபடி பனியை வாரிக்கொண்டிருந்தான். கார் ஓசையின்றி அவனை நோக்கி இறங்கியது.

"ஒட்வார்!" இங்குன் கதவைத் திறந்துகொண்டு அலறினாள். கடைசி நொடியில் அவன் திரும்பித் தாவினான். உடல் தப்பியது, கால் காருக்கும் பனிக்குவியலுக்கும் நடுவே சிக்கிக்கொண்டது.

ஹெர்தீஸ் ஓடிவந்து அவனருகே மண்டியிட்டாள். "பிரேக் போட்டுட்டுத்தானே போனேன்! என்னை மன்னிச்சிடு... இப்படி ஆகும்னு யாருமே சொல்லலையே!"

வலியில் வெளுத்திருந்த ஒட்வார் மனைவியை ஏறிட்டுப் பார்த்தான். "நீ ஜன்னல்லதானே நின்ன? கார் நின்ன விதத்தப் பாக்கலையா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பழி முழுக்க ஹெர்தீஸ்மேல் போயிருக்கும். எல்லோரும் நம்பியிருப்பார்கள்.

"பாத்தேன்," என்றாள் இங்குன். "சக்கரத்தைத் திருப்பு, மணல் போடுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். உன் கார்மேல இருந்த பொறாமை என் வாயைக் கட்டிடுச்சு, ஹெர்தீஸ். அடுத்தவங்களுக்கு வர்ற ஆபத்து கண்ணுக்குத் தெரிஞ்சும் சொல்லாம இருந்தா, நாமளே காரைத் தள்ளிவிட்ட மாதிரிதான்."