முழங்கால்மேல் கைகள்

குழி வெட்டப் போன ஆறு பேரும் மண்வெட்டியோடு திரும்பி வந்துவிட்டார்கள்.

முற்றத்தில் துக்கத்துக்காகப் போட்டிருந்த கம்பளிக் கூடாரத்துக்குள் ஜீபெக் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கணவனை இழந்தவள் அப்படித்தான் உட்கார வேண்டும். அவளுக்குப் பின்னால், திரைக்கு அந்தப் பக்கம், ஜொல்தோஷ் இரண்டு நாளாகப் பிணமாகக் கிடந்தான். ஏரிக்கரை ஊர் என்றாலும் ஆகஸ்ட் வெயில் ஆகஸ்ட் வெயில்தான். தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து அவனைச் சுற்றி அடுக்கியிருந்தார்கள். மணிக்கொரு முறை அவனுடைய தம்பி மெடெர் வந்து உருகினதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துவிட்டுப் போனான். இந்த முறை அவன் கையில் பாட்டில் இல்லை.

"அண்ணி, கல்லறை வாசல்ல டிராக்டரைக் குறுக்க நிறுத்திட்டாங்க. இருபது பேர் நிக்கறாங்க."

"குழி?"

"முழங்கால் ஆழம் வெட்டியிருந்தோம். திரும்ப எங்களையே மூட வச்சுட்டாங்க." மெடெர் உள்ளங்கை மண்ணைத் தட்டினான். "யாரு தெரியுமா? பாதிப் பேரு அண்ணன்கிட்ட பாடம் படிச்சவனுங்க. 'எங்களோட கையைத் தூக்காதவன் எங்களோட எதுக்குப் படுக்கணும், வாத்தியார அந்த நகரத்துக் கூட்டத்துக்கே பார்சல் பண்ணுங்க'ன்னு ஒருத்தன் சொல்றான். மத்தவனுங்க சிரிக்கறானுங்க."

ஜீபெக்கின் பக்கத்தில் அவளுடைய மாமியார் துர்சுன் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் அவளை அபா என்று கூப்பிட்டார்கள். நேற்று முழுக்க ஒப்பாரி பாடியதில் தொண்டை கட்டி, இன்றைக்கு உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. மகன் செத்ததற்கு அழுகிறாளா, மகனுக்கு மண் கிடைக்காததற்கு அழுகிறாளா என்று யாராலும் சொல்ல முடியாது.

பக்கத்து வீட்டுப் பூருல் தேநீர்க் கிண்ணத்தோடு வந்து குனிந்தாள். "நான் அன்னைக்கே சொன்னேன்ல ஜீபெக்? புருஷன்காரன் ஒத்த கையைத் தூக்க மாட்டேங்கறானே, நீயாவது தலைல தட்டிச் சொல்லக் கூடாதான்னு. கேட்டியா? இப்ப பாரு."

ஜீபெக் கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தாள்.

ஒத்த கை. அவ்வளவுதான் விஷயம். இந்த ஊரில் சாப்பிட்டு எழுந்தால், பயணம் கிளம்பினால், குழந்தை பிறந்தால், ஆடு அறுத்தால், யாராவது பெரியவர் ஆசி சொல்லுவார். எல்லோரும் இரண்டு உள்ளங்கைகளையும் ஏந்தி, ஆமீன் என்று முகத்தைத் தடவிக்கொள்வார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கும் அது தெரியும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஜொல்தோஷ் நகரத்தில் ஒரு வீட்டில் கூடி வேறொரு வேதத்தைப் படிக்கிற சிலரோடு சேர்ந்தான். அதற்குப் பிறகு எந்தப் பந்தியிலும் அவன் கை எழவில்லை. முழங்கால்மேல் அமைதியாக இருக்கும். முகத்தில் கேலியோ கோபமோ இருக்காது. ஆசி முடியும்வரை மரியாதையாகத் தலை குனிந்திருப்பான். பள்ளி திறக்கும் நாளில் தேசிய கீதம் பாடும்போது மற்ற ஆசிரியர்கள் நெஞ்சில் கை வைத்தார்கள். அவன் கைகள் அங்கேயும் தொங்கிக்கொண்டுதான் இருந்தன. கணக்கு வாத்தியார் வேலை அந்த மாதமே போனது. அதன்பின் வாய்க்கால் பம்புகளைப் பழுது பார்த்தான்.

"ஊரு மொத்தமும் ஒரு வழி போகுது, நீ மட்டும் தனியா ஒரு வழியா?" என்று ஜீபெக் ஒருநாள் சண்டை போட்டாள். அவன் சிரித்துவிட்டான். "உன் கையை நான் கட்ட மாட்டேன் ஜீபெக். என் கையை நீ தூக்காதே." சொன்னபடியே இருந்தான். பனிக்காலத்தில் அவள் தொழுகைக்குக் கை கால் கழுவ, அவள் எழுவதற்கு முன்னால் எழுந்து அடுப்பில் வெந்நீர் வைப்பான். ஐந்து பனிக்காலத்தில் ஒருநாளும் அவள் பச்சைத் தண்ணீர் தொட்டதில்லை.

வாசலில் செருமல் கேட்டது. ஊருக்குத் தொழவைக்கும் ஒசோர் மோல்தோ உள்ளே வந்து நிலைப்படியை ஒட்டி உட்கார்ந்தார். வயது நாற்பதுதான். ஜொல்தோஷுக்கு வயது ஒத்தவர்.

"ஜீபெக், நான் உனக்கு எதிரி இல்லம்மா. நானும் அவனும் ஒரே பெஞ்சு. அவனைப் பார்த்து எழுதித்தான் கணக்குல பாஸ் ஆனேன்."

"அப்ப டிராக்டரை எடுக்கச் சொல்லுங்க."

"சொன்னேன். கேக்கல." அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "அவன் தொழலங்கறது யாருக்கும் பெரிசில்ல. பாதி ஊரு தொழறதில்ல. குடிச்சே செத்தவனையும் நான் அடக்கம் பண்ணியிருக்கேன். ஆனா இவன் அத்தனை பேரு முன்னாடியும் கையைத் தூக்காம உக்காந்தான் பாரு, அதைத்தான் இவனுங்களால விழுங்க முடியல."

"இப்ப என்ன பண்ணச் சொல்றீங்க?"

"நகரத்துல ருஷ்யக்காரங்க கல்லறை இருக்கு. அவங்க மறுக்க மாட்டாங்க. வண்டி நானே ஏற்பாடு பண்றேன்."

"செசிம் இங்க இருக்கா."

மோல்தோ தொப்பியை மடியில் வைத்தார். தொழவைத்து அந்தச் சின்னக் குழியை மூடியவர் அவர்தான். ஆறு வருஷத்துக்கு முன், ஒரு ஜனவரியில், மார்ச்சளி கண்டு நாலு வயதுச் செசிம் போனாள். கெட்டித்துப்போன மண்ணை டயர் எரித்து இளக்கித்தான் வெட்டினார்கள். ஜொல்தோஷ் தானே குழிக்குள் இறங்கி மகளைக் கிடத்தினான். அவனால் மேலே ஏற முடியவில்லை. நான்கு பேர் தூக்க வேண்டியிருந்தது.

மோல்தோ குரலைத் தாழ்த்தினார். "கடைசி நேரத்துல பக்கத்துல யாரு இருந்தா?"

"நான் மட்டுந்தான். அபா பால் கறக்கப் போயிருந்தாங்க."

"அப்ப உனக்கு மட்டுந்தான் தெரியும். கடைசி மூச்சுல 'இறைவன் ஒருவனே'ங்கற கலிமா சொல்லியிருந்தான்னா அவன் நம்ம ஆளு. அதுக்கு மேல ஒருத்தனும் வாயைத் திறக்க முடியாது. பெரியவங்க மூணு பேரைக் கூட்டிட்டு வரேன். மதியத் தொழுகைக்குள்ள யோசிச்சுச் சொல்லு." எழுந்தவர் திரும்பி நின்றார். "நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லல. கேக்கறேன், அவ்வளவுதான்."

அவர் போன பிறகு ஜீபெக் சுவரின் மரச்சட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சட்டம், இன்னொரு சட்டம், நடுவில் வார் முடிச்சு.

ஜொல்தோஷ் அவளிடம் இரண்டே இரண்டு கேட்டிருந்தான். ஜூன் மாதம், ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்ய முடியாது என்று அனுப்பிவிட்ட அன்று, திரும்பி வரும் வேனில், அவள் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டான். "என்னைச் செசிம் பக்கத்துல வை. அப்புறம், நான் செத்ததும் என் வாயில நான் சொல்லாததை யாரையும் போட விடாதே." அவள் சரி சரி என்று தலையை ஆட்டினாள். இந்த இரண்டும் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும் என்று அப்போது இருவருக்கும் தோன்றவில்லை. இப்போது எதை வைத்துக்கொண்டாலும் மற்றது போய்விடும்.

நகரத்துக்கு அனுப்பினால் அவன் சொன்ன சொல் நிற்கும். ஆனால் மகள் இந்த மண்ணில் தனியாகக் கிடப்பாள், அப்பா அறுபது கிலோமீட்டர் தள்ளிக் கிடப்பான். திரைக்குப் பின்னால் ஏதோ ஒரு பாட்டில் சரிந்து உருண்டது. உருகிய தண்ணீர் கம்பளத்தில் ஊறி அவள் கால்விரலைத் தொட்டது. வாசனை தொடங்கிவிட்டது. பூருல் மூக்கை மூடாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை ஜீபெக் பார்த்தாள்.

மூன்று பெரியவர்களும் வந்தபோது அவள் எழுந்து நின்றாள். மோல்தோ கேட்டார். "மகளே, ஜொல்தோஷ் கடைசியா கலிமா சொன்னானா?"

"சொன்னார்."

"நீ காதால கேட்டியா?"

"கேட்டேன்."

கால் மணி நேரத்தில் டிராக்டர் கிளம்பும் சத்தம் ஊருக்கே கேட்டது. இவ்வளவு லேசானதா? ஒரு மனிதனுக்கு ஆறடி மண் தர மறுத்த ஊர், ஒரு சொல்லுக்கு வழி விட்டுவிட்டது.

அபா அவள் உடுப்பைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அந்த முகத்தில் இரண்டு நாளில் முதல்முறையாக ஒரு வெளிச்சம். "எங்கிட்ட ஏன்டி சொல்லல? பெத்தவகிட்ட முதல்ல சொல்ல மாட்டியா?"

"தோணல அபா."

"எப்படிச் சொன்னான்? முழுசாச் சொன்னானா? குரல் வந்துச்சா?"

"மெதுவாத்தான் வந்துச்சு."

"சின்னப் பிள்ளைல தடுமாறுவான். ரெண்டாவது பாதியில மறந்துடுவான். தடுமாறினானா?"

"இல்ல அபா. தடுமாறல."

"பாத்தியா? எம்பிள்ளை திரும்பி வந்துட்டான்." அபா மருமகளின் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கட்டிய தொண்டையிலிருந்து மறுபடி ஒப்பாரி கிளம்பியது. கூடாரமே கூடச் சேர்ந்து அழுதது. ஜீபெக்குக்கு மட்டும் பாட்டு வரவில்லை.

வெளியே எல்லா ஆண்களும் வரிசை கட்டினார்கள். தொழுகை முடிந்ததும் மோல்தோ உரக்கக் கேட்பது கம்பளியைத் தாண்டிக் கேட்டது. "இவர் எப்படிப்பட்ட மனிதர்?"

"நல்ல மனிதர்!"

மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் இருநூறு குரல்கள் நல்ல மனிதர் என்றன. அவன் நீட்டிய தேநீரை வாங்காமல் போன குரல்களும், வாய்க்கால் பம்பைச் சரிசெய்த கூலியைத் தரையில் போட்டுவிட்டுப் போன குரல்களும் அதில் இருந்தன. எது யாருடையது என்று ஜீபெக்குக்குத் தெரிந்தது. பிறகு தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் கல்லறைக்குப் போகிற வழக்கம் இல்லை. வாசல்வரை போய் நின்றாள். தெரு திரும்பும் இடத்தில், உடலைப் போர்த்தியிருந்த பச்சைத் துணி மறைந்தது.

ஒன்றரை மணி நேரம் கழித்து ஆண்கள் வழக்கப்படி அழுதுகொண்டே திரும்பினார்கள். மெடெர் உடம்பெல்லாம் மண். "வச்சுட்டோம் அண்ணி. செசிமுக்கு வலது பக்கம், ஒட்டினாப்பல. நடுவுல ஒரு கை இடம் கூட இல்ல."

ஜீபெக் தலையசைத்தாள். ஒன்று நடந்துவிட்டது. அந்த நிம்மதி ஒரு கிண்ணம் தேநீர் ஆறுகிற நேரம்கூட நிற்கவில்லை.

கறி வெந்து பந்தி முடிந்தது. பெரியவர்களில் சிலரும் மோல்தோவும் பெண்களுக்கு ஆறுதல் சொல்லக் கூடாரத்துக்குள் வந்து உட்கார்ந்தார்கள். டிராக்டரை நிறுத்தியவர்களில் இருவர் வாசலில் நின்றார்கள். மோல்தோ கைகளை ஏந்தினார். கூடாரத்தில் இருந்த எல்லாக் கைகளும் ஏந்தின.

"இறைவா, வழி தவறி நடந்த உன் அடியான், கடைசி மூச்சில் தன் தவறை உணர்ந்து, உன் பெயரைச் சொல்லித் திரும்பி வந்தான். அவன் மனைவியே அதற்குச் சாட்சி..."

ஜீபெக்கின் கைகள் முழங்கால்மேல் இருந்தன.

வீம்புக்கு அவள் அப்படி வைக்கவில்லை. தூக்கத்தான் நினைத்தாள். நினைவு தெரிந்த நாளிலிருந்து தூக்கிய கைகள். காலையில்கூடத் தூக்கினாள். ஆனால் வழி தவறி என்ற சொல்லைக் கேட்டதும் இரண்டும் மரத்துப்போய், அவளுடையவை இல்லாததுபோல அங்கேயே கிடந்தன. ஜொல்தோஷின் கைகள் இப்படித்தான் இருந்தனவா? உள்ளே இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டா வெளியே அத்தனை அமைதியாக உட்கார்ந்திருந்தான்? தன் கையைத் தூக்காதே என்றவன் வாயையே அவள் திறந்து உள்ளே ஒன்றைத் திணித்துவிட்டாள்.

மோல்தோவின் குரல் ஒரு நொடி தடுமாறியது. அவர் பார்த்துவிட்டார். பூருல் பார்த்தாள். வாசலில் நின்ற ஒருவன் மற்றவனை முழங்கையால் இடித்தான்.

அபாவும் பார்த்தாள்.

முதலில் மருமகளின் கைகளைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். காலையில் வந்த அந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக அவிந்து, முகம் சாம்பல் பூத்தது. தடுமாறாமல் சொன்னானே, முழுசாய்ச் சொன்னானே என்று அவள் நாள் முழுக்கத் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்தது, ஒரு பேச்சும் இல்லாமல் கையைவிட்டுப் போனது.

ஜீபெக் கண்ணை மூடிக்கொண்டாள். இனி அபா எழுந்து கத்துவாள். மெடெர் அழுவான். வாசலில் நிற்கிறவர்கள் மண்வெட்டியை எடுப்பார்கள். புது மண், தோண்டக் கஷ்டமில்லை.

அபாவின் இரண்டு கைகளும் வந்து அவள் மணிக்கட்டுகளைப் பிடித்தன. பால் வாசனை அடிக்கிற, காய்ப்பேறிய கைகள். இவ்வளவு பலம் அவளுக்கு எங்கிருந்து வந்தது?

"தூக்குடி," என்று காதோடு சீறினாள். "எம்பிள்ளை அங்கயே கிடக்கட்டும். தூக்கு."

பிறகு உரக்க, வாசலுக்குக் கேட்கும்படி, "ரெண்டு நாளா பச்சைத் தண்ணி வாயில வைக்கல. கை தூக்கத் தெம்பு ஏது இவளுக்கு? நீங்க சொல்லுங்க மோல்தோ, நிறுத்தாதீங்க!" என்றாள்.

மோல்தோ அவசரமாக முடித்தார். ஆமீன் என்று எல்லாக் கைகளும் முகத்துக்குப் போயின. ஜீபெக்கின் கைகளை அபா தூக்கி, அவள் முகத்தின்மேல் வைத்து, மேலிருந்து கீழாகத் தடவிவிட்டாள். உள்ளங்கை முழுக்க ஈரமானது. ஜீபெக் தடுக்கவில்லை. இன்று அவள் செய்த இரண்டாவது பொய் அது. அதைச் செய்தது வேறு ஒருத்தியின் கை.

ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள். வாசலில் நின்ற இருவரும் கொஞ்சம் தயங்கிவிட்டுப் போனார்கள். பூருல் கிண்ணங்களை அடுக்குகிற சாக்கில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நாளைக்கு என்ன பேச்சு கிளம்பும், அடுத்த வெள்ளிக்கிழமை என்ன நடக்கும், யாருக்கும் தெரியாது. அந்தக் குழியை அவர்கள் இருவரும் இனி நாள்தோறும் காவல் காக்க வேண்டியிருக்கும்.

கூடாரம் காலியானதும் அபா மருமகளின் மணிக்கட்டை விட்டாள். சிவந்த தடம் பதிந்திருந்தது. இருவரும் சுவரைப் பார்த்தபடி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அவன் கடைசியா என்னடி சொன்னான்?" அபா திரும்பாமலே கேட்டாள். "நிசமாச் சொல்லு."

"ஜன்னலத் திறக்கச் சொன்னார்."

அபா இப்போதுதான் அவள் பக்கம் திரும்பினாள்.

"திறந்தியா?"

"திறந்தேன் அபா."