முந்திய வெடி

மே 9, வெள்ளி. இன்று ஒரு தவறு. சாகசக் குதிரை ஓட்டம் முடியும் இடத்தில் என் துப்பாக்கி மற்றவர்களுக்கு ஒரு கணம் முந்தி வெடித்துவிட்டது. பதினொரு பேர் வானத்தை நோக்கிச் சுட்டாலும் ஒரே சத்தம்தான் கேட்க வேண்டும். இன்று இரண்டு கேட்டது. தவறு ஷஹ்பாவுடையது அல்ல, என் விரலுடையது.

ஹத்தூம் இதை நோட்டில் எழுதிவிட்டு, அண்ணனுக்கு எழுதும் கடிதத்திலும் சேர்த்தாள். கடைசி வரியில் மட்டும் பேனா கொஞ்சம் நின்றது. குதிரை மிரண்டுவிட்டது என்று சொன்னால் அணியில் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். எல்லோரும் அப்படித்தான் தப்பிக்கிறார்கள். ஆனால் வாயில்லா ஜீவன்மேல் பழி போட அவளுக்கு மனம் வரவில்லை.

அண்ணன் புஷுஐப் ஸ்பெயினில் ஸ்ட்ராபெர்ரித் தோட்டத்தில் வேலையில் இருந்தான். குதிரை அவனுடையது. தீனி, குளிப்பாட்டல், சவாரி எல்லாம் இவளுடையது. மாலை வகுப்பில் எழுதப் படித்ததும் முதல் கடிதத்தை அவனுக்குத்தான் எழுதினாள். "உன் கையெழுத்தப் பாத்தா ஷஹ்பா கண்ணு முன்னால வந்து நிக்குதுடி. விடாம எழுது" என்று அவன் போனில் சொன்னான். அன்றிலிருந்து அன்றன்றைய தவறு உட்பட எல்லாவற்றையும் முதலில் நோட்டில் எழுதி, அடித்துத் திருத்தி, பிறகு நல்ல தாளில் படியெடுத்து அனுப்பினாள். சரியாக எழுதினோமா என்ற சந்தேகம் மட்டும் ஒவ்வொரு தடவையும் இருந்தது.

மூன்று வாரம் கழித்து மெக்னெஸ் நகரத்திலிருந்து ஹாஜ் மெக்கி என்றொருவர் வந்தார். யம்மா புதினாத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். ஹத்தூமின் முகத்தைப் பார்க்கவேயில்லை.

வந்தவர் குதிரையின் வாயைத் திறந்து பல் பார்க்கவில்லை, காலைத் தூக்கிப் பார்க்கவில்லை. நேராகப் போய் இடது காதுக்குப் பின்னால் சொறிந்தார். ஷஹ்பா கண்ணை மூடிக்கொண்டது.

"அட, எழுதியிருக்கிற மாதிரியே இருக்கே!" என்று சிரித்தார்.

"யாரு எழுதினது?"

அவர் கைப்பேசியை நீட்டினார். அவளுடைய எழுத்து. அவள் அடித்துத் திருத்திப் படியெடுத்த தாள்கள், ஒன்றன்பின் ஒன்றாக.

"உங்க அண்ணன் அனுப்பினான். குதிரை விக்கிறவன் பேச்ச நான் நம்புறதே இல்ல, மகளே. எல்லாப் பயலும் தன் குதிரை சொக்கத் தங்கம்பான். ஆனா இதைப் பாரு." விரலால் பெரிதாக்கிக் காட்டினார். "தவறு ஷஹ்பாவுடையது அல்ல. தன் தப்பத் தானே எழுதுற பொண்ணு குதிரையப் பத்திப் பொய் சொல்லுவாளா? இதப் படிச்சதும் முடிவு பண்ணிட்டேன்."

ஹத்தூம் யம்மாவைப் பார்த்தாள்.

"என்ன ஏண்டி முறைக்கிற? அவன் குதிரை, அவன் விக்கிறான். நாளைக்கு நீ கட்டிக்கிட்டுப் போற வீட்டுக்கு இதையுமா இழுத்துட்டுப் போவ?"

அவள் கொல்லைக்குப் போய் அண்ணனைப் போனில் கூப்பிட்டாள்.

"அதெல்லாம் உனக்குத்தானேண்ணே எழுதினேன்?"

"எனக்கா? குளிர்காலத்துல முதுகு பிடிச்சுப் படுத்துக் கிடந்தேன்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா? அடுத்த கடிதத்துல என்ன எழுதின? ஷஹ்பாவுக்கு லாடம் மாத்தினது. ரெண்டு பக்கம். பரவால்ல, உன் எழுத்துதான் நல்லபடியா வித்துக் குடுத்துச்சு."

போனை வைத்துவிட்டு நோட்டைப் புரட்டினாள். லாடம் இருந்தது. முதுகு இல்லை.

முற்றத்தில் ஹாஜ் மெக்கி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "மகளே, தீனி, தண்ணி எல்லாம் எப்படின்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்துடு. உன் எழுத்து தெளிவா இருக்கு."

கோணலாக ஏதாவது எழுதிக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. வயிற்றுவலியில் துடிக்கப்போவது ஷஹ்பாதான். சரியாகவே எழுதிக் கொடுத்தாள்.

மாலை, வகுப்புக்குப் போகவில்லை. நோட்டை எடுத்துத் தேதி போட்டாள். இன்றைய தவறு எது என்று பிடிபடவில்லை. அந்த வரியை வெறுமனே விட்டுவிட்டுக் கீழே எழுதினாள்:

நாளை: காலையில் லாரி வரும். அதுவரை பார்லி போடக் கூடாது, தண்ணீர் மட்டும். சேணம் நம்முடையது, கழற்றி வைக்க வேண்டும்.