நான்காம் திட்டு

நாடகம் ஆறு மணிக்கு. நாலரைக்கே மண்டபத்தின் பின்கதவால் ஒரு பெண் வந்து நின்றாள். ஜெயகௌரி அப்போது தாயின் வேடத்துக்காகத் தலைமயிருக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, நான் மெற்றில்டா. தாழ்வுபாட்டு வின்சன்டின்ர மகள்.”

ஜெயகௌரியின் கை நின்றது.

“இண்டைக்கு அவரைப் பற்றின நாடகம் எண்டு அப்பாவுக்கு ஆரோ சொல்லிப்போட்டினம். வெளிக்கிட்டு நிக்கிறார். ஏற்கெனவே ஒருக்கா நெஞ்சுவலி வந்த மனுசன். அந்த வள்ள ஓட்டி வாற காட்சியை மட்டும் விடுங்கோ அக்கா.”

“நாடகத்தில அவற்ற பேரே இல்லை.”

“பேர் வேணுமே? ஊருக்கே தெரியும்.”

“அந்தக் காட்சி இல்லாட்டி நாடகமே இல்லை,” என்றாள் ஜெயகௌரி. மெற்றில்டா திரும்பிப் போய்விட்டாள்.

அந்த ஆண்டு சோளகக் காற்று வீசும் காலத்தில் மன்னாரில் புது நாடக விழா நடந்தது. கிழமைக்கு ஒரு நாடகம், வெள்ளி, சனி இரண்டு நாளும். ஐந்தாவது ஜெயகௌரி எழுதியது. உயிலங்குளத்தில் முன்பள்ளி ஆசிரியை அவள். இரண்டாயிரத்து ஆறில் சண்டை மூண்டபோது, பத்தொன்பது வயதில், தாயோடு இந்தியாவுக்கு வள்ளமேறினாள். வள்ளத்தை ஓட்டிய வின்சன்ட் பதினொரு பேரையும் நடுக்கடலில் நான்காம் மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போனார். ‘இந்தியா வந்திட்டுது, இறங்குங்கோ’ என்று அவர் சொன்னதாகவே அவள் அகதி முகாமிலும், ஊர் திரும்பிய பிறகும் சொல்லிவந்தாள். குடிக்கத் தண்ணீர் இல்லை. மூன்றாம் நாள் காலை இந்தியக் கடற்படை வந்தபோது தாய்க்கு மூச்சில்லை.

ஓட்டியாக நடித்தவன் முசலிப் பக்கத்து றமீஸ். அவன் திரை இடுக்கால் பார்த்துவிட்டு ஓடிவந்தான்.

“கௌரியக்கா, அந்தாள் மூண்டாவது வரிசையில இருக்கிறார். எனக்கு வசனம் வராது.”

“வரும். என்னைப் பார்த்துச் சொல்லு.”

நாடகம் தொடங்கியது. ஒரு கதிரை கூட வெறுமையாக இல்லை. முதல் காட்சிகளில் சனம் மேடையைப் பார்த்ததை விட மூன்றாவது வரிசையைத்தான் அதிகம் பார்த்தது. வின்சன்ட் கைத்தடியை முழங்கால்களுக்கிடையில் பிடித்தபடி அசையாமல் இருந்தார். பக்கத்தில் மெற்றில்டா அவருடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

வள்ளக் காட்சி வந்தது. றமீஸ் எழும்பி, அவளைப் பார்த்து, தொண்டையைச் செருமினான்.

“இந்தியா வந்திட்டுது. இறங்குங்கோ!”

“நான் அப்பிடிச் சொல்லேல்லை.”

வின்சன்ட் எழும்பி நின்றார். மெற்றில்டா இழுத்தும் அமரவில்லை. பின்னாலிருந்து ஒருவன், “இரும் காணும்! செய்யிறதையும் செய்துபோட்டு!” என்று கத்தினான். இன்னும் இரண்டு பேர் எழும்பினார்கள். றமீஸ் ஒரு அடி பின்வாங்கினான்.

ஜெயகௌரி மேடை விளிம்புக்கு வந்தாள். “ஒருத்தரும் அவரைத் தொடக்கூடாது,” என்றாள். பிறகு அவரைப் பார்த்தாள். “அப்ப என்ன சொன்னீங்கள்?”

“நேவியின்ர வெளிச்சம் தெரிஞ்சுது. இறங்குங்கோ, திரும்பி வாறன் எண்டனான். இந்தியா எண்டு நான் சொல்லேல்லை, பிள்ளை.”

“ஏன் திரும்பி வரேல்லை?”

அவர் கைத்தடியை முன்னே ஊன்றினார்.

“பயந்திட்டன்,” என்றார்.

தாயின் சேலையைக் கட்டி, தாயின் இடத்தில் நின்றுகொண்டிருந்தபோது இந்தியா என்று அன்று சொன்ன குரல் ஜெயகௌரிக்குக் கேட்டது. ஆணின் குரலல்ல. ஈரமணலில் கால் வைத்ததும் அவளைக் கட்டிப்பிடித்து, ‘இந்தியா வந்திட்டம் பிள்ளை, இனிப் பயமில்லை’ என்று சொன்னது அம்மாதான்.

அவள் அதை அப்போது சொல்லவில்லை. திரும்பிப் போய் மேடை வள்ளத்தில் அமர்ந்தாள். “தொடங்கு,” என்று றமீசுக்குக் கண்ணால் காட்டினாள். தாய் சாகும் காட்சி முடியும்வரை வின்சன்ட் நின்றபடியே பார்த்தார்.

விழா வழக்கப்படி, நாடகம் முடிந்ததும் சபையோடு கலந்துரையாடல். ஜெயகௌரி ஒலிவாங்கியைக் கையில் எடுத்தாள். பேசாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியாது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

“அந்த வசனம் அவர் சொன்னதில்லை. என்ர அம்மா சொன்னது. இவ்வளவு காலமும் நான் பிழையாச் சொல்லியிருக்கிறன். நாளைக்கு மாத்துவன்.” வின்சன்டைப் பார்த்தாள். “ஆனா வாறன் எண்டு சொல்லிட்டு வராதது அவர்தான். அதை மாத்த மாட்டன்.”

ஒருவரும் கைதட்டவில்லை. சனம் கலையத் தொடங்கியபோது வின்சன்ட் தடியை ஊன்றி மேடைக்குக் கீழே வந்தார்.

“அம்மான்ர பேர் என்ன, பிள்ளை?”

“பூமணி.”

அவர் அந்தப் பெயரை வாய்க்குள் ஒருமுறை சொல்லி, சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டார். மெற்றில்டா அவரை ஓட்டோவுக்குக் கூட்டிப்போனாள். ஜெயகௌரி வழியனுப்பப் போகவில்லை.

“மன்னிச்சிட்டீங்களோ அக்கா?” றமீஸ் கேட்டான்.

“இல்லை. ஆனா செய்யாததையும் அவற்ற தலையில போடத் தேவையில்லை. செய்ததே போதும்.”

அவள் மேடையில் குந்தி, பிரதியைப் புரட்டி அந்த வரியை வெட்டினாள். அம்மா சொன்ன வசனத்தைத் தாயின் பெயருக்கு நேரே எழுதி, உரக்க வாசிக்கப் பார்த்தாள். இரண்டு தரம் குரல் உடைந்தது. மூன்றாம் தரம் முழுவதையும் வாசித்தாள்.