வராத பங்கு

மரைக்கு வெட்கமும் கிடையாது, மரியாதையும் கிடையாது. நாகலெட்சுமி இதை யாரிடம் வேண்டுமானாலும் அடித்துச் சொல்வாள். ராகலைக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில், லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் அவள் கோவா முட்டைக்கோசும் லீக்ஸும் போட்டிருந்தாள். அந்தத் துண்டு நிலத்தை ஒரு ஆண் மரை தன் மாமியார் வீடு என்றே நினைத்துக்கொண்டிருந்தது. மான் சாதிதான், ஆனால் மாட்டை விட உயரம், கழுத்தைச் சுற்றிச் சடைமயிர், கொம்பில் ஒரு கிளை முறிந்தது. குச்சி வேலி கட்டினாள், தாண்டியது. பழைய சேலையைத் தொங்கவிட்டாள். சேலையையும் கொஞ்சம் மென்று பார்த்துவிட்டுப் போனது. திட்டுவதற்கு ஒரு பேர் வேண்டுமே என்று அதற்குத் தடியன் என்று பேர் வைத்தாள்.

ஒருநாள் காலை, மேல்மலைக்குக் கொழுந்தெடுக்க ஏறும்போது பனிமூட்டத்துக்குள் அதன் மீதே போய் முட்டப் பார்த்தாள். முதலில் மரக்கட்டை என்றுதான் நினைத்தாள். கட்டை மூச்சு விட்டது. முன்னங்காலால் தரையை ஓங்கி மிதித்து, வாலை நட்டுக்கொண்டு, பஸ் ஹோர்ன் மாதிரி ஒரு சத்தம் போட்டது பாருங்கள், நாகலெட்சுமி கூடையோடு பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே வாய் மட்டும் வேலை செய்தது.

"அடப்பாவி, எங்கோவாவத் தின்னுட்டு என்னையவே மெரட்டுறியா?"

தடியன் காதைத் திருப்பி அதைக் கேட்டது. பிறகு அவசரமே இல்லாமல் தேயிலைச் செடிகளை விலக்கிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது. பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது இந்தக் கதையைச் சொல்ல, பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"அது ஒங்களப் பாக்கத்தான் வருதுக்கா. கோவாவெல்லாம் சும்மா சாக்கு" என்றாள் பக்கத்து வீட்டுச் சுலக்ஷனா.

"போடி எடுபட்டவளே" என்று நாகலெட்சுமி அவள் மேல் தண்ணீரை வாரி இறைத்தாள். லிந்துலையிலிருந்து கல்யாணமாகி இந்த லயத்துக்கு வந்த நாளிலிருந்து சுலக்ஷனாவுக்கு எல்லாமே இந்த அக்காதான்.

அப்புறம்தான் அந்த ஜீப் வந்தது. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு சிறுத்தை கம்பிக் கண்ணியில் மாட்டிச் செத்துப்போயிருந்ததாம். வனஜீவி இலாகா ஆட்கள் தோட்டம் தோட்டமாக விசாரித்துக்கொண்டு வந்தார்கள். சின்ன வயதில் கொழும்பில் வீட்டு வேலைக்கு நின்ற நாகலெட்சுமிக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. எல்லாருமாக அவளைத்தான் முன்னால் தள்ளிவிட்டார்கள். அந்த அதிகாரியும் அதட்டாமல் 'அக்கே' என்று கூப்பிட்டுப் பேசினார். இவளும் கொழும்புக் கதையெல்லாம் சொல்லிச் சிரித்து, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். கண்ணி வைப்பது யார் என்று கேட்டபோது மட்டும் தெரியாது என்று சொல்லிவிட்டாள். தெரியாமல் என்ன? சுலக்ஷனாவின் புருஷன் கஜேந்திரன் மோட்டார் சைக்கிள் கம்பியைச் சுருக்குப் போட்டுக் காட்டோரத்தில் கட்டுவது லயத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். கேட்டால் பன்றிக்கு என்பான்.

ஜீப் போன பிறகு அவன் வந்து, "என்னாக்கா, ரொம்ப நேரமாச் சிரிச்சுப் பேசினீங்க?" என்றான். சும்மா கேட்டானா, குத்திக் கேட்டானா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அந்தக் கேள்வி மட்டும் முள்ளாக உள்ளே தங்கிவிட்டது.

அந்த லயத்தில் காட்டு இறைச்சிக்கு ஒரு முறை உண்டு. மரையோ பன்றியோ, விழுத்தியவன் தனியாக வைத்துத் தின்ன முடியாது. எத்தனை வீடோ அத்தனை கூறு போட்டாக வேண்டும். நடக்க முடியாமல் படுத்திருக்கிற கிழவிக்கும் ஒரு கூறு போகும். பாசம் பாதிதான், மீதி பயம். எல்லார் வீட்டுச் சட்டியிலும் வெந்த பிறகு யார் போய் யாரைக் காட்டிக் கொடுப்பது? ஆகவே ஒரு வீட்டுக்கு மட்டும் கூறு வரவில்லை என்றால், அந்த வீட்டை லயம் நம்பவில்லை என்று அர்த்தம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாகலெட்சுமி விறகுக் கட்டோடு காட்டிலிருந்து இறங்கி வந்தபோது லயத்துக் கதவுகள் எல்லாம் சாத்திக் கிடந்தன. வெளிச்சம் இருக்கும்போதே! சன்னல்களிலும் சாக்கை இழுத்து விட்டிருந்தார்கள். ஆனாலும் மிளகும் கறிவேப்பிலையும் போட்டு இறைச்சி வதங்குகிற வாசத்தை எந்தச் சாக்கு தடுக்கும்? ஆட்டிறைச்சியாக இருக்க வழியில்லை. ஆடு தீபாவளிக்குத்தான் விழும். கோவாப் பாத்தியில் சில நாளாகப் புதுக் குளம்படி இல்லாததும் அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது.

"ஐயோ, தடியா" என்றாள் வாய்விட்டு. விறகைக் கீழே போட்டுவிட்டு அப்படியே அழுதாள். எத்தனை கோவாவைத் தின்றால்தான் என்ன, கண்ணி போட்டுக் கழுத்தை நெரிக்கிற அளவுக்கு அது என்ன பாவம் செய்தது?

அழுது முடித்த பிறகுதான் அடுத்தது உறைத்தது. அவள் வாசலுக்கு யாரும் வரவில்லை.

வந்திருந்தாலும் அவள் வாங்கியிருக்கப் போவதில்லை. அது வேறு விஷயம். மகள் சுதர்ஷினிக்கு இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போய், இப்போது மூன்றாவது பிள்ளை ஆறு மாதமாக நின்றிருந்தது. இந்தப் பிள்ளை உயிரோடு கைக்கு வரும் வரை கவிச்சு தொடுவதில்லை என்று மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து, சாமி படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். வேண்டுதலை வெளியில் சொன்னால் பலிக்காது என்று புருஷனிடம்கூட மூச்சு விடவில்லை. அவளுக்கு அது வேண்டாம் என்பது ஊருக்குத் தெரியாதே. தெரியாதவர்கள் வந்து கேட்டிருக்க வேண்டுமே. கேட்கவில்லை என்றால்? ஜீப்காரனோடு சிரித்துப் பேசியவள் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவள் கண்ணுக்கு எல்லாமே கோணலாகத் தெரிந்தது. பீலிக்கரைக்குப் போனால் பேச்சு நின்றது. ஒருத்தி இன்னொருத்தியை முழங்கையால் இடித்தாள். சுலக்ஷனா வீட்டுக்கு நெருப்புப்பெட்டி கேட்கப் போனாள். எப்போதும் போல நேரே அடுப்படிக்குள் நுழைந்தாள். அடுப்புக்கு மேலே கொடியில் என்னவோ தொங்கியது. சுலக்ஷனா பதறிப்போய் ஒரு துணியை எடுத்து அதை மூடினாள்.

"என்னாடி அது?"

"ஒண்ணுமில்லக்கா. துணி காயுது."

துணியைத் துணியால் மூடுவார்களா? நாகலெட்சுமி நெருப்புப்பெட்டியை வாங்காமலே திரும்பி வந்துவிட்டாள்.

வீட்டுக்குள்ளேயும் நிம்மதி இல்லை. புருஷன் அழகுமுத்து, கஜேந்திரனோடு தேயிலைத் தொழிற்சாலைச் சுவரோரம் தலையோடு தலை வைத்துக் குசுகுசுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். அவளைக் கண்டதும் இருவரும் ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் சாப்பாடு வேண்டாம் என்றபோது கையைப் பிடித்து முகர்ந்தாள். மிளகு வாசம்.

"எங்கங்க சாப்பிட்டீங்க?"

"கூட்டாளி ஒருத்தன் ரொட்டி குடுத்தான். விடு புள்ள" என்று அவன் போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்தான்.

தாலி கட்டினவனுமா! அவனுக்குக் கூறு உண்டு, அவளுக்குத்தான் இல்லை. எத்தனை பேர் பிள்ளைப்பேற்றுக்கு வெந்நீர் வைத்தவள், எத்தனை பேர் வீட்டுச் சாவுக்கு முன்னால் நின்றவள். அவளைப் போய்க் கோள்சொல்லி என்று முடிவு கட்டிவிட்டார்களே என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

வியாழக்கிழமை பின்னேரம் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு ரோட்டு வளைவில் வரும்போது அதே ஜீப் நின்றது. அதிகாரி கையைக் காட்டி, "என்ன அக்கே, சுகமா? ஏதாவது கேள்விப்பட்டீங்களா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

இல்லை என்றுதான் சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்துச் சுலக்ஷனாவும் இன்னும் சில பெண்களும் கூடையோடு கீழே இருந்து ஏறி வந்தார்கள். கலகலவென்று வந்தவர்கள் இவளைப் பார்த்ததும் சட்டென்று அடங்கினார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். தலையைக் குனிந்தபடி அவளைக் கடந்து லயத்துப் பக்கம் போனார்கள்.

நாகலெட்சுமிக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கோள்சொல்லி என்றுதானே பேர் கட்டினீர்கள்? இருங்கடி!

"எங்க லயத்துல கடைசி வீடு. அடுப்புக்கு மேல போய்ப் பாருங்க" என்றாள் சிங்களத்தில். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

வீட்டுக்கு நடக்கும்போது, தடியனுக்காகத்தான் சொன்னேன், வாயில்லா ஜீவனுக்காகத்தான் சொன்னேன் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அது பொய் என்று அவளுக்கே தெரிந்தது.

அவள் லயத்துக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருந்தது. ஜீப் அவளைத் தாண்டி மேலே போய், கஜேந்திரனை ஏற்றிக்கொண்டு, திரும்பவும் அவளைத் தாண்டிக் கீழே இறங்கியது. பின்னால் உட்கார்ந்திருந்தவன் மடியில் தலையைக் கவிழ்த்திருந்தான். லயத்து வாசலில் எல்லாரும் கூடி நின்றார்கள். நடுவில் சுலக்ஷனா தலைமயிர் அவிழ்ந்து நின்று, குனிந்து மண்ணை இரண்டு கையாலும் வாரி ரோட்டுப் பக்கம் தூற்றினாள்.

"காட்டிக் குடுத்தவங்க வெளங்க மாட்டாங்க! அவங்க வீட்டுல தொட்டில் ஆடாது! தாயே மாரியம்மா, நீ பாத்துக்கிட்டுத்தான் இருக்க!"

நாகலெட்சுமியின் காதில் அந்த ஒரு சொல்தான் நின்றது. தொட்டில். சுதர்ஷினியின் முகமும் அந்த மஞ்சள் முடிச்சும் ஒன்றாகக் கண்ணுக்கு முன் வந்தன. ஓடிவிடலாமா என்று பார்த்தாள். அதற்குள் சுலக்ஷனா அவளைக் கண்டுவிட்டாள். நேராக ஓடிவந்து அவள் தோளில் விழுந்து கதறினாள்.

"அக்கா, ஒங்க பங்குக்கா! அவங்க எடுத்துக்கிட்டுப் போனது ஒங்க பங்குக்கா!"

"எம்பங்கா?"

"எல்லா வீட்டுலயும் அன்னைக்கே வெந்து முடிஞ்சிருச்சு. எங்க வீட்டுலயும் ஒரு துண்டு மிச்சமில்ல. ஒங்க கூறத்தான் உப்புப் போட்டு அடுப்புக்கு மேல கட்டியிருந்தேன். சுதர்ஷினிக்குப் புள்ள பொறந்தோடனே ஒங்களுக்குக் கறி வச்சுக் குடுக்கணும்னு. அது ஒண்ணுதாங்கா அவங்க கையில கெடச்சுச்சு."

நாகலெட்சுமி அழகுமுத்துவைப் பார்த்தாள். அவன் குற்றவாளி மாதிரி நின்றான்.

"சாமி படத்துக்குப் பின்னால முடிச்சப் பாத்துட்டேன் புள்ள" என்றான் மெதுவாக. "நீ கருவாடுகூடத் தொடல. எதுக்குன்னு வெளங்கிருச்சு. ஒன் வாயால வெளிய வந்தாத்தானே பலிக்காது? அதான் ஒங்கிட்டக் கேக்காம இவங்ககிட்டச் சொன்னேன். அவ முன்னால இறச்சிப் பேச்சே எடுக்காதீங்க, வாசம்கூட எங்க வீட்டுப் பக்கம் வரக் கூடாதுன்னு. நாங்கூட இவங்க வீட்டுலதான் தின்னுட்டு வந்தேன்."

"அதுக்குத்தாங்கா லயம் பூராக் கதவச் சாத்தினோம்" என்றாள் கூட்டத்திலிருந்து ஒருத்தி. "பீலியில அந்தப் பேச்சுத்தான் ஓடும். நீங்க வந்தா வாயப் பொத்திக்குவோம். ரோட்டுலயும் அதாங்கா. ஜீப்புகிட்ட நின்னது நீங்கதானேன்னு நாங்க பயப்படக்கூட இல்ல. ஒங்க விரதம் கெட்டுறக் கூடாதில்ல?"

சாத்திய கதவுகளும் இடித்த முழங்கைகளும் பொத்திய வாயும் எல்லாம் அவளுக்காக, அவள் மகள் வயிற்றுப் பிள்ளைக்காக. சந்தேகம் பிடித்த சனியனே, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். சொல்லிவிடலாம், நான்தான் என்று இங்கேயே காலில் விழுந்துவிடலாம் என்று வாயைத் திறந்தாள். சுலக்ஷனாவின் விரல்களில் இன்னும் அந்த மண் ஒட்டியிருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"அக்கா, எனக்குக் கடையில சாமான் வாங்கத்தான் சிங்களம் வரும். நீங்க வந்து எனக்காகப் பேசுங்கக்கா. ஒங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்று சுலக்ஷனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் இருவரும் பஸ் ஏறி வனஜீவி அலுவலகத்துக்குப் போனார்கள். பஸ்ஸில் சுலக்ஷனா அவள் தோளில் சாய்ந்துகொண்டே வந்தாள். நாகலெட்சுமி சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அக்காவுக்கும் பயம் என்று சுலக்ஷனா நினைத்துக்கொண்டு அவளுக்கே தைரியம் சொன்னாள்.

கஜேந்திரனை உள்ளறையில் வைத்திருந்தார்கள். முன்னறையில் அதே அதிகாரி. நாகலெட்சுமியைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"வாங்க அக்கே" என்றார் சிங்களத்தில். "நேத்து நீங்க அந்த வீட்டக் காட்டலன்னா எங்களுக்கு ஒண்ணுமே கெடச்சிருக்காது. பயப்படாதீங்க, ஒங்க பேரு எங்கயும் வராது. இந்தப் பொண்ணு யாரு, ஒங்க மகளா?"

சுலக்ஷனா அவர் வாயையும் இவள் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். அதிகாரி சிரித்த முகமாகப் பேசியதில் அவள் கண்ணில் கொஞ்சம் நம்பிக்கை வந்திருந்தது.

"என்னக்கா சொல்றாரு?"

நாகலெட்சுமி சுவரைப் பார்த்தாள்.

"ஒக்காரச் சொல்றாரு" என்றாள்.

சுலக்ஷனா உட்கார்ந்தாள். பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் அக்காவுக்கும் இடம் விட்டாள்.