ரூஃபஸ் சுமந்த பை

அண்ணன் கர்ட்டிஸ் குளிர்ப் பிரதேசமான மினசோட்டாவிலிருந்து இந்த டூசான் பாலைவனத்துக்கு வந்து மூன்று நாள்தான் ஆகிறது. அதற்குள் பல்லைக் கடித்துக் கடித்தே லோர்னாவுக்குத் தாடை வலி வந்துவிட்டது. வெயிலைக் கண்டால் தொப்பியைக் கழற்றுகிறான். பாம்பு படுத்திருக்கும் கல்லிடுக்கில் கையை விடுகிறான். ஏதாவது சொன்னால், "சரிங்க டீச்சரம்மா" என்று ஒரு சிரிப்பு வேறு.

ஆனாலும் பொறுத்துக்கொண்டாள். காரியம் ஆக வேண்டியிருந்தது. புதன்கிழமை அவளுக்கு வலது தோளில் ஆபரேஷன். மூன்று மாதம் நாய்க்கயிற்றைப் பிடிக்கக்கூட முடியாது. தனி ஆள். அதுவரை ரூஃபஸை அண்ணன்தான் கொண்டுபோய் வைத்துக்கொள்ள வேண்டும். பதினொரு வயதுக் கிழட்டு நாய். மூன்று மாதம் கழித்து அது திரும்பி வருமா என்ற பயம் அவளுக்குள் இருந்தது. வெளியே சொல்லவில்லை.

அதனால்தான் கிளம்பும் நாளன்று காலை இந்த நடை. ரூஃபஸுக்குப் பிடித்த மலைப்பாதை. இறங்கியதும் அண்ணனும் அண்ணி ஜாய்ஸும் அப்படியே ஊருக்கு வண்டியை விடுவதாக ஏற்பாடு. நாயின் தீனி மூட்டை, மாத்திரை டப்பா, படுக்கை எல்லாம் முந்தின நாளே அவர்கள் வேனில் ஏறிவிட்டன.

அவர்கள் வேனையும் லோர்னாவின் காரையும் அடிவாரத்தில் நிறுத்திவிட்டு ஆறு மணிக்கு நடக்க ஆரம்பித்தார்கள். ரூஃபஸ் முதுகில் அதன் பை, பக்கத்துக்கு இரண்டாக நாலு பாட்டில் தண்ணீர். டூசான் நாய்கள் தங்கள் தண்ணீரைத் தாங்களே சுமக்கும்.

எட்டரைக்கு ஒரு கிளைப்பாதை வந்தது. லோர்னா தன் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். பாதி. பாதி தீர்ந்தால் எங்கே நின்றாலும் திரும்பிவிட வேண்டும். இந்த ஊரில் அதை யாரும் மீறமாட்டார்கள்.

"அட, மேல ஏறிப் பாக்காமலா போறது? அரை மணி நேரந்தான்" என்றான் கர்ட்டிஸ். "எங்க ஊர்ல இந்த வெயில் கிடைக்கணும்னா ஜூலை வரைக்கும் தவம் கிடக்கணும்."

"நம்ம தண்ணி பாதி தீந்துடுச்சு. ரூஃபஸ் பையில நாலு பாட்டில் அப்படியே இருக்கு. அத நம்பித்தான் வரேன், புரியுதா?"

கர்ட்டிஸ் கழுத்தைச் சொறிந்தான். "அப்பறம் என்ன, நட" என்றான்.

உச்சிக்குப் போக ஒரு மணி நேரம் ஆனது. ரூஃபஸ் வந்த வேகத்தில் ஒரு புதர் நிழலில் தொப்பென்று விழுந்தது. நாக்கு தரையைத் தொட்டது. லோர்னா பையின் ஜிப்பை இழுத்தாள். உள்ளே சுருட்டிய துண்டு. அந்தப் பக்கம் இழுத்தாள். அங்கேயும் துண்டு.

"தண்ணி எங்க?"

ஜாய்ஸ் புருஷனைப் பார்த்தாள். கர்ட்டிஸ் தூரத்து மலையைப் பார்த்தான்.

"வேன்ல இருக்கு. வயசான நாய், பாவம், அதும்மேல அவ்வளவு கனத்த ஏத்துறியேன்னு... நீ டாய்லெட் போயிருந்தப்ப எடுத்து வச்சுட்டேன். உனக்குத் தெரியக் கூடாதுன்னு துண்டு."

"கீழ அவ்வளவு தெளிவா சொன்னேனே. அப்பவாவது வாயத் தொறந்திருக்கலாம்ல?"

"நீ கத்துவ."

லோர்னா கத்தவில்லை.  எல்லோருடைய பாட்டிலையும் பிடுங்கி ஓரமாக வைத்தாள். "இனிமே இது நாய்க்கு. நமக்கு ஆளுக்கு ரெண்டு வாய். அவ்வளவுதான்."

"நாய்க்கா? மனுஷன் இங்க..."

"புறங்கையத் தரையில வை. ஏழு எண்ணு."

"என்ன விளையாட்டு இது?"

"வைன்னு சொல்றேன்!"

வைத்தான். மூன்றிலேயே கையை உதறிக்கொண்டு எழுந்தான்.

"இதுலதான் அது மூணு மைல் வெறுங்கால்ல இறங்கணும். எனக்குத் தோள் சரியில்ல. நீ தூக்கு."

முப்பது கிலோ நாய். கர்ட்டிஸ் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். பத்து நிமிஷத்துக்கொரு தடவை நின்றான். ஒவ்வொரு நிழலிலும் லோர்னா நாயின் வாயில் சொட்டுச் சொட்டாக ஊற்றி, வயிற்றையும் காலையும் நனைத்தாள். ஓரிடத்தில் அது கண்ணை மூடிவிட்டது. அவள் காதைப் பிடித்து இழுத்து, "டேய், டேய், தூங்காத" என்று அலறினாள். வால் நுனி அசைந்தது. அண்ணன் மட்டும் அப்போது ஒரு வார்த்தை பேசியிருந்தால் அவனைக் கல்லால் அடித்திருப்பாள்.

வேனுக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. நாலு பாட்டிலும் முன்சீட்டில் கிடந்தன, டீ போடலாம் போலச் சூடாக. ஜாய்ஸ் ஏசியை வைத்து ஆற்றி ஆற்றிக் கொடுத்தாள். ரூஃபஸ் குடித்தது. அரை மணி கழித்து எழுந்து நின்றது.

கர்ட்டிஸ் முகம் மலர்ந்தது. "பாத்தியா? ஒண்ணும் ஆகல. ஜாய்ஸ், அவன மறுபடி என் தோள்ல தூக்கி வை, ஒரு போட்டோ எடு. ஊர்ல காட்டலாம்."

லோர்னா வேனின் பின்கதவைத் திறந்தாள். இடது கையால் நாயின் படுக்கையை இழுத்துக் கீழே போட்டாள்.

"என்ன பண்ற?"

"ரூஃபஸ் வரல."

"பைத்தியமா உனக்கு? ஆபரேஷன்?"

"தள்ளிப் போட்டுக்கறேன்."

"கையத் தூக்க முடியாம அழுதியே! ஒரு தப்புக்காகவா?"

"தண்ணிய எடுத்தது தப்பு. அத மன்னிச்சிடுவேன். நீ வாய மூடிட்டு மேல கூட்டிட்டுப் போனியே கர்ட்டிஸ், அந்த மனுஷன்கிட்ட என் நாய விடமாட்டேன்."

கர்ட்டிஸ் மனைவியைப் பார்த்தான். "நீயாவது சொல்லேன் அவகிட்ட."

ஜாய்ஸ் தீனி மூட்டையை வேனிலிருந்து இறக்கி, லோர்னாவின் காரில் கொண்டுபோய் வைத்தாள். திரும்பி வந்து மாத்திரை டப்பாவை எடுத்தாள்.

"என்னத்தச் சொல்றது?" என்றாள் புருஷனிடம். "நானா இருந்தாலும் குடுக்கமாட்டேன்."