ஒரு நிமிடம் பிடிக்கும் பெட்டி

"தண்ணி" என்று சொல்லச் சொன்னார் என் வீட்டுக்காரர். "ஏனுங்க, தண்ணி" என்றேன். இவர் மைக்கை அணைத்துவிட்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார்.

"ஏனுங்க வேண்டாம் ஜானகி. வெறும் தண்ணின்னு மட்டும் சொல்லு. இந்தச் சிப்புல மொத்தமே ஒரு நிமிசந்தான் புடிக்கும். எடம் பத்தாது."

மறுநாள் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் என்னைச் சேர்க்க வேண்டும். தொண்டையில் வந்திருந்த கட்டியோடு குரல்வளையையும் எடுத்துவிடுவார்கள், அதற்குப் பிறகு பேச்சு வராது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைக் கேட்ட அன்று நான் பஸ்ஸில் குன்னூர் வந்து சேரும்வரை அழுதேன். இவர் அழவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சால்டரிங் அயர்னைச் சூடு பண்ணினார். துக்கம் வந்தாலும் சந்தோஷம் வந்தாலும் இவருக்கு அதுதான் தெரியும். தேயிலை ஏல ஆபீசில் குமாஸ்தா வேலை வயிற்றுக்கு. ரேடியோவைப் பிரிப்பதும் ஒயரை ஒட்டுவதும்தான் உயிர். வீட்டில் ஒரு டேப் ரிக்கார்டர் இருந்தது. அதன் மோட்டாரைக் கழற்றி எப்போதோ மின்விசிறி செய்துவிட்டார். குன்னூர்க் குளிருக்கு மின்விசிறி! கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள், நான் உட்பட.

குரலைப் பிடித்து வைக்கிற அந்தச் சிப்பைப் பெங்களூரிலிருந்து தபாலில் வரவழைத்து, டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பெட்டி செய்து, மேலே பொத்தான்கள் வைத்திருந்தார். தண்ணி, பசிக்குது, வலிக்குது, போதும், குளிருது, லைட்டை அணைங்க. ஒவ்வொரு பொத்தானுக்கும் என் குரல். நோயாளிக்கு என்னென்ன தேவைப்படும் என்று ரொம்ப யோசித்துச் செய்திருந்தார். பாவம், யோசிக்கத் தெரிந்தது அவ்வளவுதான்.

எனக்கானால் ஏனுங்க இல்லாமல் வாயில் வார்த்தையே வரவில்லை. இவர் பெயரை நான் ஒருநாளும் சொன்னதில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் கூப்பிட்டதெல்லாம் அந்த ஒரு ஏனுங்கதான். சுருக்கென்று சொன்னால் கோபம். இழுத்துச் சொன்னால் ஏதோ கேட்கப் போகிறேன். மெதுவாகச் சொன்னால் பக்கத்தில் வந்து உட்காரவேண்டும். எல்லாம் இவருக்கு அத்துப்படி. கடைசியில் இவரே ஒரு வழி கண்டுபிடித்தார். நான் ஏனுங்க என்று சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, அதற்கப்புறம் பதிவுப் பொத்தானை அழுத்தினார். "இப்படிச் செஞ்சாச் செரியாப் போச்சு, பாத்தியா புள்ள" என்று அவ்வளவு பெருமை. நானும் சிரித்தேன். என் குரலில் நான் சிரித்தது அதுதான் கடைசி.

ஆபரேஷன் முடிந்து திரும்பி வந்தபோது கழுத்தில் ஒரு துளையும் அதை மூட ஒரு வெள்ளைத் துணியும் இருந்தன. மூச்சு இனி அந்த வழியாகத்தான். மூக்கில் காற்றுப் போகாததால் வாசனையும் போய்விட்டது. வருஷக்கணக்காகச் சால்டர் புகை நாறுகிறது என்று இவரோடு சண்டை போட்டிருக்கிறேன். இப்போது மேசையில் புகை எழுவதைப் பார்க்கிறேன், ஒன்றும் தெரியவில்லை.

முதல் நாள் பெட்டியை மடியில் வைத்து, "பேசு ஜானகி" என்றார். முகமெல்லாம் ஆசை. தண்ணியை அழுத்தினேன். "தண்ணி" என்றது என் குரல், வேலைக்காரனை ஏவுகிற மாதிரி. இவர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். நான் ஒருநாளும் இந்த மனுஷனை அப்படி ஏவினதில்லை. அன்றோடு பெட்டியைத் தொடவில்லை. இவரைக் கூப்பிட என்று கட்டில் ஓரத்தில் ஒரு பெல்லும் மாட்டியிருந்தார், ஆபீசில் மேனேஜர் பியூனைக் கூப்பிட வைத்திருக்கிற மாதிரி. அதையும் தொடவில்லை.

பெட்டியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டார். ஸ்பீக்கரை மாற்றினார். பொத்தான் கெட்டியாக இருக்கிறதோ என்று அதை மாற்றினார். கரகரப்பு வருகிறதோ என்று இன்னும் என்னவோ ஒட்டினார். பக்கத்து வீட்டு ஜெஸிந்தா சூப் கொண்டுவந்தபோது பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"நல்லாத்தானுங்கக்கா பேசுது. அண்ணன் இந்தப் பாடு படறாரு, நீங்க ஏனுங்கக்கா தொடவே மாட்டேங்கறீங்க?"

எழுதிக் காட்ட வைத்திருந்த சிலேட்டை எடுத்து என்ன எழுதுவேன்? எழுதினால் தீர்ந்தது. என் குரலை இந்த உலகத்தில் பிடித்து வைத்த ஒரே மனுஷன், அதில் தன்னை மட்டும் விட்டுவிட்டான் என்று இவருக்குத் தெரிந்துபோகும். அப்புறம் இவர் எழுந்திருக்கமாட்டார். பேசாமல் இருப்பதே மேல் என்று இருந்துவிட்டேன். இனிமேல் வேறென்ன செய்யப் போகிறேன்!

மார்கழியில் ஒரு காலை, விழித்துப் பார்த்தால் பக்கத்தில் இவரைக் காணோம். வெளியே புல்லெல்லாம் உறைபனி விழுந்து வெளுத்துக் கிடந்தது. சால்வையைப் போர்த்திக்கொண்டு முன்னறைக்கு வந்தேன். இவர் எனக்கு முதுகைக் காட்டியபடி மேசையில் குனிந்திருந்தார். மறுபடியும் பிரித்துவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் அயர்ன் சூடாகவில்லை, பெட்டியின் மூடி திருகி மூடியபடியே இருந்தது. ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக்கொண்டு, வலிக்குது என்று எழுதியிருந்த பொத்தானை அழுத்தினார்.

"...ங்க, வலிக்குது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பொத்தானை நான் தொட்டதேயில்லை. அன்றைக்குப் பதிவு செய்யும்போது அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் இவர் விரல் முந்திக்கொண்டிருக்கிறது. ஏனுங்கவின் வால் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. அழுத்திப் பிடித்திருக்கும்வரைதான் அந்தப் பெட்டி பேசும், விரலை எடுத்தால் நின்றுவிடும். இவர் மறுபடி அழுத்தினார். வலிக்குது என்பது வருவதற்குள் விரலை எடுத்தார்.

"...ங்க."

"சொல்லு புள்ள" என்றார்.

எத்தனை நாளாக இப்படி உட்கார்ந்திருக்கிறாரோ. எனக்குத் தெரியக்கூடாது என்று இவரும், இவருக்குத் தெரியக்கூடாது என்று நானும். அழுகை வந்தது. அழுதாலும் எனக்குச் சத்தம் வராது. கதவைப் பிடித்துக்கொண்டு, ஆனமட்டும் வாயைத் திறந்து இவரைக் கூப்பிட்டேன். மூச்செல்லாம் கழுத்துத் துணியின் வழியாக வெள்ளையாகப் புகைந்து போயிற்று.

இவர் திரும்பவில்லை. பொத்தானை அழுத்தினார்.

"...ங்க."

"வந்துட்டேன், வந்துட்டேன்" என்று பெட்டியிடம் சொன்னார்.